மாமனாரை ஓட்டக்காரராக்கிய ஆட்டம்

மூளைக்கு மூட்டுவலி வருவதில்லை என்பதுதான் நடுத்தர வயதின் பெரிய ஆபத்து. முழங்கால் மாடிப்படியைப் பார்த்ததும் நின்று யோசிக்கிறது. மூளையோ இன்னும் கல்லூரி மைதானத்தில் பந்தோடு வளைந்து வளைந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ‘நான் வேகமானவன், யார் கையிலும் சிக்காமல் நழுவுகிறவன்’ என்று ஒருவன் தன்னைப் பற்றி நினைத்துக்கொள்ள எந்தச் சான்றும் தேவையில்லை. எனக்குத் தேவைப்பட்டதில்லை. (கல்லூரியில் நான் கால்பந்து ஆடவில்லை. வெளியே போன பந்தை எடுத்துக் கொடுக்கிற பொறுப்பில் இருந்தேன். அதிலும் தாமதம் என்று புகார் உண்டு.)

இந்த நினைப்போடு ஒரு ஆட்டப் பலகையின் முன்னால் உட்கார்ந்துதான், சில வருஷங்களுக்கு முன், என் ஒரே மகளின் கல்யாணக் கோயிலை ஒரு மதியச் சாப்பாட்டுக்கும் சாயங்காலத் தேநீருக்கும் நடுவில் தோற்றேன்.

நான் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸில் வேலை பார்க்கிறவன். கண்டெய்னர்கள் போகும், வரும். அவற்றின் காகிதங்கள் என் மேஜையில் உட்கார்ந்திருக்கும். மகள் ஜெனி சென்னையில் வேலையில் இருந்தாள். அங்கே கூட வேலை பார்த்த ரோஷனைப் பிடித்திருக்கிறது என்றாள். விசாரித்தால் பையன் புன்னைக்காயல். ஆத்தூரில் திரும்பினால் வந்துவிடுகிற ஊர். இதற்காகவா பிள்ளை சென்னை வரை போனாள் என்று என் மனைவி ஸ்டெல்லா கேட்டாள். நல்ல குடும்பம். அப்பா சேவியர், கப்பலில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா அமலி, படகுகளுக்கு ஐஸ் போடும் கம்பெனியைத் தனி ஆளாக நடத்துகிறவர். எல்லாம் பேசி முடிந்தது. ஒன்றே ஒன்றுதான் முடியவில்லை. கல்யாணம் எந்த ஊர்க் கோயிலில்?

தினமும் தொலைபேசியில் இரண்டு பெண்களும் பேசுவார்கள்.

“உங்க இஷ்டம்தான் மைனி” என்பாள் ஸ்டெல்லா.

“இல்ல மைனி, உங்க இஷ்டம்தான் எங்க இஷ்டம்” என்பார் சம்பந்தியம்மா.

எங்கள் கடற்கரையில் இந்த வாக்கியங்களுக்குப் பொருள், ‘செத்தாலும் விடமாட்டேன்’ என்பது.

அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. புன்னைக்காயலில் எந்த வீட்டுக் கல்யாணமானாலும் அமலி முன்னால் நின்று பரிமாறியவர். அவர் வீட்டுக் கல்யாணத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோனால் ஊர் என்ன சொல்லும்? எங்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் அதை வெளியில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஸ்டெல்லாவின் அப்பா மிக்கேல் எங்கள் வீட்டில்தான் இருந்தார். இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, தேறியும் தேறாமலும் இருந்தார். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலி, சக்கர நாற்காலியிலிருந்து கட்டில், அவ்வளவுதான் அவர் நடமாட்டம். காரில் உட்காரவைத்தால் தெருமுனை தாண்டுவதற்குள் வலியில் உதட்டைக் கடித்துக்கொள்வார். எங்கள் பங்குக் கோயிலோ எதிர்த்தெரு. அங்கே கல்யாணம் என்றால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே போய்விடலாம். புன்னைக்காயல் என்றால் பேத்தி கல்யாணத்தை அவர் பார்க்கப் போவதில்லை.

“இதை அவுககிட்ட சொல்லிருவோமே” என்றேன்.

“வாயத் திறக்கக் கூடாது. அப்பாவக் காட்டி இரக்கம் கேட்டு பிள்ளைக்குக் கல்யாணம் வாங்குனேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது” என்றாள் ஸ்டெல்லா. மாமனாரும் உள்ளேயிருந்து, “ஆமா மாப்ள, நான் என்ன காணிக்கை உண்டியலா, தூக்கிக் காட்டுததுக்கு?” என்றார்.

கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். (இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று ஞாயிறு பூசையில் அறிவிப்பது.) எந்தக் கோயில் என்று தெரியாமல் பங்குச் சாமியாரிடம் தேதி கேட்க முடியாது. கடைசியில் கேப்டனே என்னைக் கூப்பிட்டார்.

“மச்சான், இப்படியே போச்சுன்னா பேரப்பிள்ள ஞானஸ்நானத்துக்குத்தான் கோயில் முடிவாகும். இந்த ஞாயித்துக்கிழம எல்லாரும் இங்கன வாங்க. சாப்பிடுவோம். ஒரு ஆட்டம் போடுவோம். ஜெயிக்கவுக ஊர்ல கல்யாணம். என்ன சொல்லுதீக?”

“சரி” என்றேன். பேசியது என் வாய். முடிவெடுத்தது கல்லூரி மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த அந்த மூளை.

அது என்ன ஆட்டம் என்று சொல்லிவிடுகிறேன். கேப்டன் எந்தத் துறைமுகத்திலிருந்தோ வாங்கிவந்த பலகை ஆட்டம். பச்சை மைதானம், கட்டம் கட்டமாக. ஆளுக்குப் பதினொரு பொம்மைகள், விரல் உயரம். பந்தை எடுத்துக்கொண்டு எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஒரு கோல். கால்பந்து மாதிரிதான், ஆனால் ஆடுகிறவர்கள் மனிதர்கள் இல்லை. பூதங்கள், வனதேவர்கள், எலி முகத்தவர்கள். அடிக்கலாம், தள்ளலாம், மிதிக்கலாம். எல்லாவற்றையும் பகடை தீர்மானிக்கும். சில அடிகளில் பொம்மை செத்தே போகும்; பிறகு அந்த ஆட்டத்தில் அது இல்லை. இன்னொரு விதிதான் முக்கியம். ஒரு காரியத்துக்குப் பகடை உருட்டி அது தவறிவிட்டால், அத்தோடு உங்கள் முறை காலி. மற்றப் பத்துப் பேரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான். அந்த வீட்டில் சுவருக்கு என்ன நிறம், பையனுக்கு என்ன படிப்பு என்பதெல்லாம் இந்தப் பலகையில்தான் முடிவானதாம். ரோஷன் இஞ்சினியர் ஆனது ஒரு பகடையில் ஆறு விழுந்ததால் என்று ஜெனி சொன்னாள்.

அவளைத்தான் யோசனை கேட்டேன்.

“பூதங்கள எடுங்கப்பா. மெதுவாப் போகும், இடிக்கும், நிக்கும். புதுசா ஆடுறவங்களுக்கு அதான் சரி.”

“நான் என்ன பூதம் மாதிரி ஆளா?”

மறுமுனையில் அவள் சிரிப்பை அடக்கினாள். பிறகு, “வேகமான அணிதான் வேணும்னா நாலு இருக்குப்பா” என்றாள்.

அந்த நாலையும் நான் அந்த வாரம் முழுதும் படித்தேன். படித்தேன் என்றால் சாதாரணமாக இல்லை. உலகத்தில் எத்தனை பேர் எத்தனை பக்கம் இதைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்கள்! எந்த அணியில் யார் எத்தனை கட்டம் ஓடுவான், யாருக்குக் கை சுத்தம், யாருக்குக் கவசம் மெல்லிசு என்று பரீட்சைக்கு எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறார்கள். நான் வியந்துபோனேன். தத்துவமும் வரலாறும் படித்துத் தேறாத இந்த மூளை கடைசியில் தன் பாடத்தைக் கண்டுகொண்டது.

முதலாவது, எலிக் கூட்டம். (பெட்டியில் வேறு பெயர்கள் இருந்தன, இவை கேப்டன் வீட்டில் வைத்தவை.) ஓட்டத்தில் இவர்களை அடிக்க ஆளில்லை. ஆனால் கையில் பந்து நிற்காது. பந்து கிடைத்த சந்தோஷத்திலேயே அதைக் கீழே போட்டுவிடுகிற ரகம்.

இரண்டாவது, காட்டுக் கூட்டம். ஓடுவார்கள், பிடிப்பார்கள், எதிரில் நிற்கிறவனின் தலைக்கு மேலேயே தாவிவிடுவார்கள். ஆனால் போட்டிருப்பது கவசம் இல்லை, துவைத்துச் சுருங்கிய சட்டை. ஒரு அடி சரியாக விழுந்தால் ஸ்ட்ரெச்சர்தான்.

மூன்றாவது, இருட்டுக் கூட்டம். கொஞ்சம் வேகம் குறைவு, பொறுமை அதிகம். நீங்கள் தவறு செய்யும்வரை சிரித்துக்கொண்டே நின்று, பிறகு குத்துவார்கள். எங்கள் ஆபீஸில் இரண்டு பேர் இந்த ரகம். அதனாலேயே வேண்டாம் என்று வைத்தேன்.

நான்காவது, அரண்மனைக் கூட்டம். பளபளவென்று கவசம். நெடுந்தூரம் பந்தை எறிவார்கள். ஒவ்வொருவனும் போட்டோவுக்கு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி நிற்பான். ஆனால் இவர்களின் பலம் தனி ஆளில் இல்லை; ஒருவன் எறிய, இன்னொருவன் தூரத்தில் ஓடிப்போய் நிற்க வேண்டும். கும்பலாக நின்றால் இவர்கள் வெறும் அலங்காரம். இந்த ஒரு வரியை நான் படித்தேன், கோடு போட்டேன், மறந்தும் போனேன்.

சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் ஸ்டெல்லாவுக்கு இதையெல்லாம் விளக்கி, காட்டுக் கூட்டம்தான் என்று அறிவித்தேன்.

“இதுல எது அடி வாங்காது?” என்றாள்.

“அடி வாங்காம இருக்கத்தான் வேகம்.”

“வேகம் தப்பிருச்சுன்னா?”

“தப்பாது.”

உள்ளே கட்டிலில் இருந்து மாமனார் இருமினார். அது சாதாரண இருமல்தான் என்று அன்றைக்கு நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்து, மாமனாரைப் பார்த்துக்கொள்ள ஸ்டெல்லாவின் அண்ணன் லூர்துவை வீட்டில் வைத்துவிட்டு, மக்ரூன் பெட்டியோடு புன்னைக்காயல் போனோம். ஜெனியும் ரோஷனும் சென்னையிலிருந்து நேராக வந்திருந்தார்கள். ஊளி மீன் குழம்பு, நண்டு, பொரித்த விளமீன். எதிரியை இப்படிச் சாப்பிடவைத்துவிட்டு ஆட உட்காரச் சொல்வது எந்த யுத்த தர்மத்தில் சேரும் என்று தெரியவில்லை. இலையை மடிக்கும்போதே எனக்குக் கண் சொருகியது.

கேப்டன் பலகையை விரித்தார். பெரிய ஜன்னல் வழியாகக் காற்று. தூரத்தில் ஆறு கடலில் கலக்கிற இடத்தில் படகுகள் வரிசையாக நின்றன. “மொதல்ல பேரு வைக்கணும்” என்றார்.

“எதுக்குப் பேரு?”

“பேரில்லாத படகு கடல்ல எறங்குமா மச்சான்? அதே மாதிரிதான். பதினொரு பேருக்கும் பேரு வச்சு அடியில ஒட்டணும். பேரு வச்சாத்தான் ஆட்டம்.”

இந்த விதி நான் படித்த எந்தப் பக்கத்திலும் இல்லை. அது அந்த வீட்டு விதி. எங்கள் பக்கத்துப் படகுகளின் நெற்றியைப் பார்த்தால் பாதியில் புனிதர் பெயர் இருக்கும், மீதியில் சொந்தக்காரர் பெயர் இருக்கும். புனிதர்களை அடிவாங்கவிடக் கூடாது என்ற பயபக்தியில், நான் ஒரு மகத்தான யோசனையைச் சொன்னேன். “ஸ்டெல்லா, உங்க வீட்டு ஆட்கள் பேரையே வைப்போம்.”

மனைவி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அடிக்கடி பார்த்ததில்லை. இருபது வருஷத்துக்கு மேலான இல்லறத்தில் எனக்குக் கிடைத்த பெரிய நல்ல பெயர் அது. அரை மணி நேரம் நீடித்தது.

அவள் காட்டுக் கூட்டத்தில் ஒரு பொம்மையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். “இவ்வளவு ஒல்லியாவா? எங்க லூர்து அண்ணனுக்கு இந்தச் சட்ட பத்தாது. செசிலி சித்தி இதைப் போடவே மாட்டா.” எலிப் பெட்டியைத் திறந்தேன். ஒரு பார்வை பார்த்தாள், மூடிவிட்டேன். கடைசியில் அரண்மனைக் கூட்டத்தைத் தொட்டாள். “இதுதான் நல்லாருக்கு. நெஞ்சுக்குக் கவசம் இருக்கு.”

ஒரு வாரப் படிப்பு இப்படியாக ஒரு நொடியில் முடிந்தது. லூர்து, ராயப்பன், செசிலி சித்தி என்று பத்து உறவினரும் வரிசையில் நின்றார்கள். கூட்டத்திலேயே வேகமான பொம்மை ஒன்று மீதி. ஒரு காலைத் தூக்கி, காற்றில் பாதி மிதக்கிற மாதிரி செய்திருந்தார்கள். ஸ்டெல்லா அதைக் கையில் வைத்து, தூக்கிய காலை விரலால் தடவினாள். “இது அப்பா” என்றாள்.

“அப்ப நீங்க வேண்டாம்னு வச்சத நான் எடுத்துக்கிடுதேன் அண்ணாச்சி” என்று காட்டுக் கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் அமலி. அவர் பெயர் வைக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. சாளை, காரல், நெத்திலி, முரல், திருக்கை.

“எல்லாம் மீனா?” என்றேன்.

“செத்தா வருத்தம் இல்ல பாருங்க. கொழம்பு வச்சிரலாம்.”

அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

ஆட்டம் தொடங்கியது. முதல் முறை என்னுடையது. பந்து ராயப்பன் கையில். படித்தபடி, வேகமான ஆளைத் தூரத்தில் ஓடவிட்டு, பந்தை எறிய வேண்டும். மிக்கேலின் தலையில் விரலை வைத்தேன்.

“அப்பாவ எங்கன அனுப்புதீக?”

“முன்னால.”

“தனியாவா? அங்கன நாலு பேரு நிக்கான்!”

மிக்கேலைத் திரும்ப வைத்தேன். அவரைச் சுற்றி இரண்டு பக்கமும் மகன்களை நிறுத்தினேன். செசிலி சித்தியை விளிம்பில் விட்டால் கீழே தள்ளிவிடுவார்கள் என்று உள்ளே இழுத்தேன். அவளுக்குத் துணையாக இன்னும் இருவர். முறை முடிந்தபோது என் பதினொரு பேரும் மைதானத்தின் நடுவில், குடும்பப் படம் எடுக்கப் போகிற மாதிரி நெருக்கி நின்றார்கள். உலகத்தின் மிக வேகமான அணிகளில் ஒன்றை ஒரே முறையில் சுவராக மாற்றியவன் நான்தான்.

ஜெனி தலையில் கைவைத்துக்கொண்டாள். “அப்பா, இதுக்குப் பூதமே எடுத்திருக்கலாம்.”

இனி அமலியின் முறை. இங்கே நான் கேலியை நிறுத்திவிட்டுத்தான் சொல்ல வேண்டும். அவர் நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டார். முந்தானையைச் செருகிக்கொண்டார். பகடையைத் தொடவில்லை. ஒவ்வொரு பொம்மையாக, பகடை தேவைப்படாத நகர்வுகளை மட்டும் செய்தார். காரல் இரண்டு கட்டம். நெத்திலி ஒரு கட்டம். சும்மா தள்ளிவைக்கிற மாதிரிதான் இருந்தது. ஆனால் ஒவ்வொன்றும் போய் நின்றபின் என் ஆள் ஒருவனால் அசைய முடியாமல் போனது. அவர் யாரையும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. வந்து நின்றார், அவ்வளவுதான். பத்துப் பேரை நகர்த்தி முடித்தபோது, என் குடும்பப் படத்தின் நடுவே, நான் பார்க்காத ஒரு சந்து திறந்திருந்தது. கடற்கரையில் நிற்கும்போது அலை பின்வாங்கி, காலடி மணலையும் கூடவே இழுத்துக்கொண்டு போகுமே, அந்த மாதிரி இருந்தது எனக்கு.

கடைசியாகத்தான் முரலைத் தொட்டார். முரல் மீனைப் பார்த்திருப்பீர்கள். துரத்தினால் தண்ணீருக்கு மேலே துள்ளிப் போகும். அந்த முரல் என் ராயப்பனின் தலைக்கு மேல் தாவியது. இப்போதுதான் பகடை. ஆறு. தாவலில் இடிபட்ட ராயப்பன் கையிலிருந்து பந்து கீழே. இன்னொரு பகடை. முரல் கையில் பந்து. சந்து வழியாக வெளியே. எனக்குத் தோற்கிறோம் என்ற வருத்தமே வரவில்லை. என்னை அறியாமல் “ஆகா” என்றேன். ஸ்டெல்லா என் முட்டியில் கிள்ளினாள்.

“நீங்க யாரு பக்கம்?”

இடைவேளையில் கேப்டன் குசினியிலிருந்து தேநீர் கொண்டுவந்தார். ஒன்றுக்குப் பூஜ்யம். செசிலி சித்தி காயம்பட்டு வெளியே படுத்திருந்தாள். அவளை வெளியே வைக்கும்போது அமலி பணிவாக, “மன்னிச்சிருங்க சித்தி” என்றார்.

“அமலி கையில ஒரு இது இருக்கு” என்று கேப்டன் என் காதில் சொன்னார். “முப்பது வருசமா நான் ஜெயிச்சதே இல்ல மச்சான். சொவருக்கு ஊதா அடிச்சிருக்கே, எனக்குப் புடிக்கும்னா நெனச்சீக?”

இதை ஏன் தொலைபேசியில் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. கடலில் கப்பல் ஓட்டியவர்; எப்போது வாயைத் திறக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாம் பாதியில் தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. ஒரு கோல் போட்டுச் சமன் செய்தால் இன்னொரு ஆட்டம் கேட்கலாம். நேரம் குறைந்துகொண்டே வந்தது. எப்படியோ பந்து என் பக்கம் உருண்டு வந்து மிக்கேலின் காலடியில் கிடந்தது. கடைசிக் கோடு தூரத்தில். அந்தத் தூரத்தை ஒரே முறையில் ஓடக்கூடியவர் பலகையில் ஒருவர்தான்.

“அனுப்பட்டுமா?” என்று கேட்டேன்.

ஸ்டெல்லா புடவை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு தலையசைத்தாள்.

மிக்கேல் பந்தை எடுத்தார். பகடை விழுந்தது, எடுத்துவிட்டார். சாளையிடமிருந்து நழுவினார். பகடை, நழுவிவிட்டார். காரலைத் தாண்டினார். அந்தப் பொம்மையின் தூக்கிய கால் உண்மையிலேயே காற்றில் போகிற மாதிரி எனக்குத் தெரிந்தது. பலகைமேல் குனிந்து, நான் விரலால் அல்ல, மனசால் அவரைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா, “ஓடுங்கப்பா, ஓடுங்க” என்று வாய்க்குள் முணுமுணுப்பது கேட்டது. கோட்டுக்கு ஒரே ஒரு கட்டம். அவருடைய ஓட்டத்தின் எல்லையைத் தாண்டிய கடைசிக் காலடி. அதற்கும் ஒரு பகடை. ஒன்று தவிர எது விழுந்தாலும் போதும்.

ஒன்று விழுந்தது.

மிக்கேல் குப்புற விழுந்தார். என் முறை முடிந்தது. அமலியின் திருக்கை இரண்டு கட்டம் நகர்ந்து, கீழே கிடந்தவரை மிதித்தது. இரண்டு பகடை. கேப்டன் அட்டவணையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார், பிறகு மெதுவாகச் சொன்னார். “செத்துட்டாவ.”

“ஐயோ, அப்பா!”

அது ஆட்டத்தில் போடுகிற சத்தம் இல்லை. அமலி சிரிக்கத் தொடங்கி, ஸ்டெல்லா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஸ்டெல்லா முகத்தைப் புடவையில் புதைத்துக்கொண்டு அழுதாள். நான் உட்கார்ந்திருந்தேன். இப்படிப்பட்ட நேரங்களில் உட்கார்ந்திருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

ஜெனிதான் சொன்னாள். தாத்தாவின் இடுப்பு, கார், எதிர்த்தெருக் கோயில், அம்மாவின் வைராக்கியம், எல்லாவற்றையும்.

அமலி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பலகையில் கிடந்த மிக்கேலை எடுத்தார். எழுப்பி நிறுத்தப் போகிறார், கோயிலை விட்டுக்கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பொம்மையைச் செத்தவர்கள் பெட்டியில் வைத்தார்.

“ஆட்டம் ஆட்டந்தான் அண்ணாச்சி. என் முறை இன்னும் முடியல.” மிக்கேல் கையிலிருந்து சிதறிய பந்தை ஒரே எறியில் தூரத்து முரலுக்குக் கொடுத்து, முரலைத் தூக்கிக் கோட்டைத் தாண்டி வைத்தார். இரண்டுக்குப் பூஜ்யம். பகடைகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டு மூடினார். பிறகு எழுந்துபோய் ஸ்டெல்லாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கல்யாணம் இங்கனதான் மைனி. அப்பா வாராவ. கூட்டிட்டு வாரது என் பாடு.”

“கார்ல உக்கார முடியாது மைனி. தெருமொனை வரைக்கே…”

“உக்கார வேண்டாம். மல்லாந்து படுத்தா வலிக்குமா?”

“படுத்தா வலிக்காது. குலுங்குனாத்தான்.”

“ஒங்க வாசல் எவ்வளவு அகலம்? கட்டிலு அப்படியே வெளிய வருமா, திருப்பணுமா? தலை சுத்து உண்டா? காலையில எத்தன மணிக்கு மருந்து?”

கேள்வி மேல் கேள்வி. ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். காரலை இரண்டு கட்டம் தள்ளும்போது இருந்த அதே முகம். நான் ஏதோ உதவியாகச் சொல்லப் போனேன். “அண்ணாச்சி, நீங்க மக்ரூன் சாப்பிடுங்க” என்றார்.

கல்யாணத்தன்று காலை எங்கள் தெருவுக்கு ஒரு வேன் வந்தது. உள்ளே இருக்கைகள் எதுவும் இல்லை. நான்கு மூலையிலிருந்தும் படகுக் கயிற்றில் ஒரு கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது, தொட்டில் மாதிரி. ஐஸ் கம்பெனி ஆட்கள் முந்தின வாரம் முழுக்க அதில் ஒருவர் மாற்றி ஒருவர் படுத்து, வேனைப் பள்ளத்திலெல்லாம் ஓட்டிப் பார்த்தார்களாம். மாமனாரைப் படுக்கையோடு தூக்கிக் கட்டிலில் வைத்தார்கள். வாசலில் திருப்ப வேண்டியிருக்கவில்லை. திருப்பாமல் வரும் கோணம் அமலிக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. நான் கூடவே ஏறிக்கொண்டேன். உப்பளங்களின் நடுவே போனோம். வேன் பள்ளத்தில் விழும். நான் கூரையில் இடித்துக்கொள்வேன். மாமனார் லேசாக ஆடுவார். ஆத்தூர் தாண்டும்போது தூங்கிவிட்டார்.

கோயில் வாசலில் ஊரே நின்றது. பேண்டு வாத்தியம், வெடிச் சத்தம், குழந்தைகள், இரண்டு வீட்டுச் சொந்தமும் ஒரே நேரத்தில் உள்ளே நுழையப் பார்க்கிற நெரிசல். இதற்குள் ஒரு கட்டில் எப்படிப் போகும்? அப்போது பார்த்தேன், படிக்கட்டின் மேல் பட்டுப்புடவையில் அமலி. சத்தம் போடவில்லை. ஒரு விரலை அசைத்தார். இந்தப் பக்கம் நின்ற பெண்கள் இரண்டடி நகர்ந்தார்கள். இன்னொரு பக்கம் பார்த்தார், பேண்டுக்காரர்கள் ஓரமானார்கள். கேப்டன் ஒரு கூட்டத்துக்குக் கை கொடுத்துக்கொண்டே அவர்களைத் தூணுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஒவ்வொருவரும் தற்செயலாக நகர்கிற மாதிரிதான் இருந்தது. பிறகு கூட்டத்தின் நடுவே, வாசலிலிருந்து பலிபீடம் வரை, ஒரு சந்து திறந்தது.

இளவட்டங்கள் கட்டிலைத் தோளில் தூக்கி அந்தச் சந்து வழியாக நடந்தார்கள். யார் தோளும் யார் மேலும் படவில்லை. கட்டில் ஆடவில்லை. என் மாமனார் தலைகளுக்கு மேலே, மல்லாந்து படுத்தபடி, கோயிலின் உயர்ந்த கூரையைப் பார்த்துக்கொண்டே போனார். முன்வரிசைப் பெஞ்சுக்குப் பக்கத்தில் இறக்கி, தலைமாட்டைச் சாய்த்து உயர்த்தினார்கள். நான் பின்னாலேயே வாய் திறந்தபடி நடந்தேன். இந்த முறை பகடையே உருட்டவில்லை.

பூசை முடிந்து ஜெனியும் ரோஷனும் காலைத் தொட்டபோது, மாமனார் என் கையைப் பிடித்து இழுத்தார்.

“மாப்ள, நீங்க ஜெயிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?”

“எதிர்த்தெருவுல கல்யாணம் மாமா.”

“சக்கர நாற்காலியில தள்ளிட்டுப் போயி, யாரு காலும் தட்டாத ஓரமாப் பாத்து வச்சிருப்பீக. இன்னிக்கு ஆயிரம் பேரு தலைக்கு மேல வந்தேன். ஊரே அண்ணாந்து பாத்துச்சு.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “நல்லாத் தோத்தீக மாப்ள.”

அந்தப் பாராட்டை அவர் எல்லாரிடமும் சொன்னார். ஸ்டெல்லாவின் அண்ணன்களிடம், செசிலி சித்தியிடம், விருந்தில் பரிமாறியவர்களிடம். மாலைக்குள் அது இரண்டு ஊருக்கும் தெரிந்த என் தகுதி ஆகிவிட்டது. அதிலிருந்து மனைவி வழிச் சொந்தத்தில் எந்தப் பேச்சுவார்த்தை சிக்கினாலும் என்னைத்தான் அனுப்புகிறார்கள். நான் போய்ப் பேசுகிறேன். தோற்கிறேன். காரியம் எப்படியோ நான் நினைத்ததைவிட நன்றாக முடிகிறது. இதற்கு யாரிடமும் விளக்கம் இல்லை. ஆனால் எல்லாரிடமும் நம்பிக்கை இருக்கிறது.

போன மாதம்கூட லூர்து மகளுக்குச் சாயர்புரத்தில் சம்பந்தம் பேச வேண்டியிருந்தது. கல்யாண மண்டபத்தில் இழுபறி. ஸ்டெல்லா என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து, பொத்தானைத் தானே போட்டுவிட்டு, வாசல் வரை வந்து சொன்னாள்:

“தைரியமாப் போங்க. எதையும் யோசிக்காதீக. நேராப் போயி, நல்லாத் தோத்துட்டு வாங்க.”